யாரும் எடுக்காத வெற்றிலை

எங்கள் ஊருக்குக் காற்றாலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் முதலில் துள்ளியவள் நான்தான். பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் வேலைக்குக் காத்திருப்பதே ஒரு வேலை மாதிரித்தான். காலையில் குளித்து, தலை வாரி, போனில் அரசாங்க வேலை அறிவிப்பு வரும் வர்த்தமானியைப் பார்த்து, ஒன்றும் இல்லையென்று தெரிந்த பிறகு கோழிக்குத் தீன் போட வேண்டும். அந்த நேரத்தில் ஊரே உயரமாக ஏதோ ஒன்றாக மாறப்போகிறது என்றால் எனக்குத் தூக்கம் வருமா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரைப் பக்கம், எங்கள் ஊர். வைகாசி பிறந்தால் கச்சான் தொடங்கிவிடும். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. உதடு வெடிக்கும், கூரைத் தகரம் படபடக்கும், கொடியில் போட்ட சேலையை வயல் வரம்பில் போய்த் தேட வேண்டும். இவ்வளவு காற்றும் சும்மா போய்த் தொலைகிறதே என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆதங்கம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பால்மாத் தகரப் பேணியை வெட்டிக் காற்றாடி செய்து, ஒரு குட்டி பல்பை எரிய வைத்தேன். பல்ப் எரிந்தது கொஞ்ச நேரம்தான். ஆனால் எரிந்தது.

ஆகவே இதை வாசித்துவிட்டு, காற்றாலைக்கு எதிரான ஒருத்தி எழுதியது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முகநூலில் அப்படி எழுதியவர்கள் போதும்.

எனக்கு இருந்த ஒரே கவலை அக்காவின் வயல். எங்கள் பக்கம் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். அக்காவின் கலியாணத்தில் அப்பா எழுதிக் கொடுத்த வயல் எங்கள் வட்டையின் கடைசியில், வாவியைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடித்து, ஒரே வடிச்சலில் தண்ணீரைக் கழிக்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது. மழை கூடினால் மேல் வயல்களின் தண்ணீர் முழுக்க அக்காவின் வரம்போரமாக ஓடித்தான் வாவிக்குள் இறங்க வேண்டும். அந்த வடிச்சல் அடைபட்டால் முதலில் மூழ்குவது அவளுடைய வயல். அத்தான் மேசன் வேலை செய்தவர். சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவரால் ஒரு வாளித் தண்ணீர் தூக்க ஏலாது. மாரியில் அந்த வயல் விளைந்தால்தான் அந்த வீட்டில் அடுத்த மாரி வரைக்கும் அடுப்பு எரியும்.

காற்றாலைகள் வாவிக்கரை நெடுக வருமாம். அவற்றின் இறகுகளைக் கொண்டுவர லொறி ஓடக்கூடிய அகலத் தெரு ஒன்று வேண்டுமாம். திட்டப் படத்தில் அந்தத் தெரு வட்டைக்கும் வாவிக்கும் நடுவே, வடிச்சலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, சிவப்புக் கோடாக ஓடியது.

அந்தப் படத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது மச்சான். அப்பாவின் தங்கை மகன். எங்கள் ஊரிலேயே பிறந்து, எங்கள் தோணியிலேயே விழுந்து எழும்பி, இப்போது மட்டக்களப்பு டவுனில் இருக்கிறான். காற்றாலைக் கொம்பனிக்காரர் அவனை ஊராக்களோடு கதைப்பதற்கென்று வேலைக்கு எடுத்திருந்தார்கள். வெள்ளைச் சேட்டும், கழுத்தில் தொங்கும் அட்டையுமாக வந்து இறங்கியவனைப் பார்த்து அம்மா, "ஆரு மனே, கல்யாணப் புறோக்கரா?" என்று கேட்டா. அவனும் சிரித்தான். என்னிடம், "மச்சாள், உங்கட பேணிக் காத்தாடிய இவங்க கண்டுட்டாங்க போல, அதுதான் தேடி வந்திருக்காங்க" என்றான். எனக்கு அவனில் விருப்பம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரிலிருந்து ஒருத்தன் அவர்களோடு இருக்கிறான் என்பதே எங்கள் எல்லோருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

யாராவது எங்களிடம் ஒன்று கேட்டு வருவதென்றால், பெண் கேட்டோ காணியைக் குத்தகைக்குக் கேட்டோ எதுவானாலும், கால் வைத்த பித்தளைத் தட்டத்தில் வெற்றிலை பாக்கு அடுக்கிக் கொண்டுவருவார்கள். வட்டா என்போம். அதைக் கொண்டுவந்தவர்களே நடுவில் வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்வார்கள். வீட்டுக்காரருக்குச் சம்மதம் என்றால் ஒரு வெற்றிலையை எடுப்பார்கள். சம்மதமில்லை என்றால் ஒருவரும் தொடமாட்டார்கள். தேத்தண்ணி வரும், மழையைப் பற்றிக் கதைப்பார்கள், கோயில் சடங்கைப் பற்றிக் கதைப்பார்கள், சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வந்தவர் தன் வட்டாவைத் தானே தூக்கிக்கொண்டு, "அப்ப நாங்க வாறம்" என்று எழும்பிவிடுவார். இல்லை என்ற சொல்லை யாரும் யாருடைய முகத்துக்கும் எறிவதில்லை. என்னைக் கேட்டு வந்த வட்டா ஒன்றையும் எங்கள் வீட்டில் இப்படித்தான் தொடாமல் விட்டார்கள். அந்த மனிதர் இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால், "எப்பிடி புள்ள, சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

கொம்பனிக்காரரின் கூட்டம் ஊரின் பல்நோக்கு மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், நல்ல மனிதர் மாதிரித்தான் தெரிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், உடைந்த தமிழில் வணக்கம் சொன்னார். அவருக்குப் பின்னால் மச்சான் வந்தான். அவன் கையில் வட்டா. வெற்றிலை தளதளவென்று, நுனியெல்லாம் ஒரே பக்கம் பார்க்க, முறையாக அடுக்கியிருந்தது. கொண்டுவந்து மேசையின் நடுவில் வைத்தான். பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி, "பெடியன் முறை மறக்கேல்ல" என்று மெதுவாகச் சொன்னா.

பெரியவர் சிங்களத்தில் பேச, மச்சான் தமிழில் சொன்னான். ஊருக்கு வெளிச்சம், பிள்ளைகளுக்கு வேலை, கோயிலுக்கு மதில், பள்ளிக்கூடத்துக்குக் கணினி. நான் எழும்பி, இறகின் நீளம் என்ன, எந்த வேகத்தில் காற்று அடித்தால் சுழலத் தொடங்கும் என்று கேட்டேன். பெரியவருக்கு என்னைப் பிடித்துப் போயிற்று. பிறகு தெருவைப் பற்றிக் கேட்டேன். வடிச்சலுக்கு மேலால் தெரு போனால் தண்ணீர் எப்படிப் போகும், எத்தனை இடத்தில் பாலம் வைப்பீர்கள், எவ்வளவு தாழ்வாக வைப்பீர்கள். நல்ல கேள்வி என்றார். திட்டத்தில் சேர்க்கப்படும் என்றார். எந்தத் திட்டத்தில் என்று நான் மறுபடியும் வாயைத் திறக்க, முன்வரிசையில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.

"இரி புள்ள. சொல்லியாச்சு."

உண்மைதான். சொல்லியாகிவிட்டது. மேசையில் வட்டா வைத்தபடியே இருந்தது. வட்டை விதானை, அதாவது வயல்காரர் எல்லோரும் சேர்ந்து தண்ணீர் பார்க்கத் தெரிவு செய்த மனிதர், வட்டாவுக்கு நேரே இருந்தார். நாள் முழுக்க வெற்றிலை மெல்லுகிற வாய் அவருடையது. அன்றைக்கு மடியில் இருந்த தன் சொந்த வெற்றிலையைக்கூட எடுக்காமல் உலர்ந்த உதட்டோடு இருந்தார். ஒருவரும் எடுக்கவில்லை. பிளாஸ்டிக் கோப்பையில் வந்த தேத்தண்ணியை எல்லோரும் குடித்தார்கள், கேக் சாப்பிட்டார்கள், பெரியவரோடு சிரித்தார்கள். மேலே விசிறி சுழன்ற காற்றில் வெற்றிலையின் நுனிகள் மெல்ல வாடின. பெரியவர் அதைக் கவனித்து ஏதோ பகிடி விட்டார். மச்சான் அதைத் தமிழில் சொன்னான்: "உங்கட ஊரில வெத்திலை போடுற பழக்கம் குறைஞ்சிட்டாம், நல்ல விசயமாம், வாய்ப் புற்றுநோய் வராதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் அதைச் சொல்லும்போது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை என்று நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

கூட்டம் முடிய மச்சான் வட்டாவைத் தூக்கிக்கொண்டு, "அப்ப நாங்க வாறம்" என்றான். அந்தச் சொற்களே. மண்டபத்து வாசலில் ஆம்பிளைகள் சால்வையை உதறித் தோளில் போட்டார்கள். காரியம் முடிந்தது என்ற நிம்மதியில் விதானை வெளியே வந்ததும் முதல் வேலையாக மடியை அவிழ்த்து ஒரு வாய் வெற்றிலை போட்டார். அக்கா என்னிடம், "நல்ல வேளை, மச்சான் இருந்ததால கரைச்சல் இல்லாமல் முடிஞ்சுது" என்றாள்.

அந்தப் போகத்துக்கு அக்கா வழமைபோல வயல் உழுவித்தாள். உழுத ஈரம் காய முன்னே டிப்பர்கள் வந்துவிட்டன. சிவப்புக் கிறவல் மண்ணைக் கொண்டுவந்து, வட்டையின் கீழ் ஓரத்தில், வடிச்சலின் வாயிலேயே கொட்டத் தொடங்கினார்கள்.

நானும் அக்காவும் விதானையும் பஸ் ஏறி, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனோம். காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் உள்ளே விட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி வெளி மாவட்டத்துத் தமிழர், மரியாதையானவர், எங்களை இருக்கச் சொன்னார். ஊராக்களோடு கூட்டம் வைத்துத்தானே தொடங்கினார்கள், அங்கே யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லையே என்றார். ஒரு பட்டதாரிப் பிள்ளை நல்ல ஆர்வமாகக் கேள்வி கேட்டது என்றும் தனக்குச் சொன்னார்களாம். அந்தப் பிள்ளை நான்தான்.

விதானை வெற்றிலையைப் பற்றிச் சொன்னார். நிதானமாக, முழுவதும் சொன்னார். ஒருவரும் எடுக்கவில்லை, வட்டாவும் திரும்பிப் போனது, இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்றார். அதிகாரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சிரிக்கவில்லை, ஒரு மாதிரி கவலையோடு சொன்னார்:

"ஐயா, வெத்திலை எடுக்காததை நான் எந்த இடத்தில எழுத ஏலும்?"

பிறகு, உங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தர் அங்கே வேலை செய்கிறார்தானே, அவரையே கேட்போம் என்று போனை எடுத்தார். நாங்களும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். எனக்கு அப்போது உண்மையில் சந்தோசமாக இருந்தது. மச்சான் சொல்லிவிடுவான். ஒரு வசனம் போதும். வட்டாவைக் கொண்டுவந்தவனும் அவன், தூக்கிக்கொண்டு போனவனும் அவன்.

"அண்டைக்குக் கூட்டத்தில ஊர் ஆக்கள் ஆராவது மறுத்தவங்களா தம்பி?"

போனுக்குள்ளே ஏதோ பஸ் ஹோர்ன் அடித்தது. பிறகு அவன் குரல்.

"இல்ல சேர். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல."

பொய் இல்லை. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது சத்தியம். அதிகாரி எங்களைப் பார்த்தார். விதானை எழும்பி, கதிரையில் போட்டிருந்த சால்வையை எடுத்து ஒழுங்காக மடித்தார். அதை மடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதன் வெளிச்சம் அணையும் வரைக்கும்.

வீட்டுக்கு வந்து நான் சும்மா இருக்கவில்லை. தெருவையும் வடிச்சலையும் வீடியோ எடுத்து முகநூலில் போட்டேன். விருப்பக் குறிகள் வந்தன. பிறகு வசைகள் வந்தன. அபிவிருத்திக்கு எதிரி என்றார்கள், யார் காசு கொடுத்தது என்றார்கள், "அப்ப உங்கட வீட்டுக்குக் கரண்ட் வேணாமா தங்கச்சி?" என்று ஒருவர் கேட்டார். அதைப் பார்த்துவிட்டுப் பறவைகளில் அக்கறை உள்ள சிலர் கொழும்பிலிருந்து பெரிய கமராக்களோடு வந்தார்கள். கூழைக்கடாக்கள் எந்த நேரம் வரும், எங்கே இறங்கும் என்று கேட்டார்கள். நான் காட்டினேன். பிறகு அக்காவின் வயலையும் காட்டினேன். ஒருவர் வயலைப் பார்த்து, இந்த இடத்தில் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்றார். கொக்கு ஒன்று வந்து நிற்கும் வரை காத்திருந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கொம்பனிக்காரர் பாலம் வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு சீமெந்துக் குழாய் வைத்தார்கள். அதன் வாய் அக்காவின் வரம்பை விட உயரத்தில் இருந்தது. வயலில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறினால்தான் குழாய்க்குள் போகும். இதைக் காட்டிச் சொல்ல அங்கே நின்ற மேற்பார்வைக்காரர், தனக்குத் தந்த அளவு இதுதான் என்றார். அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். இந்தக் கதையில் மரியாதை இல்லாத ஆள் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

மாரி வந்தது. வாவி பெருகியது, வயல்களிலும் தண்ணீர் ஏறியது. இது வழமைதான். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்கும், பின்னாலேயே வயல் தண்ணீர் வாவிக்கு இறங்கும். பயிர் கொஞ்சம் மஞ்சளித்து, பிறகு பச்சை பிடிக்கும். அந்த முறையும் முகத்துவாரம் வெட்டினார்கள். வாவி இறங்கியது. அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு புதுத் தெருவுக்குப் போனாள். தெருவில் நின்று கிழக்கே பார்த்தால் வாவி இறங்கி, கரையில் சேறு தெரிந்தது, சதுப்பில் வளரும் கண்ணாப் பற்றைகளின் வேர் தெரிந்தது. மேற்கே திரும்பினால் வயல் முழுக்கத் தண்ணீர். மண்ணிறமாக, அசையாமல். பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. நடுவில் கிறவல் தெரு மட்டும் காய்ந்து கிடந்தது. ஈரமில்லாத ஒரே இடம் அதுதான் என்பதால் ஊர் மாடுகள் எல்லாம் அதில் ஏறிப் படுத்துக்கொண்டு அசை போட்டன.

அத்தான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். வாளி தூக்க ஏலாத மனிதர். தெருவை வெட்டினால் பொலிஸில் முறைப்பாடு வைப்பார்கள் என்று கிராம சேவகர் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். சில நாளில் வட்டை முழுக்க அழுகல் மணம். மேல் வயல்காரர் பாதி நெல்லையாவது வெட்டினார்கள். அக்காவுக்கு அரிவாள் எடுக்கிற வேலையே வரவில்லை.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், காற்றாலை வரவில்லை. மேலே ஏதோ விலை ஒத்துவரவில்லையாம், திட்டத்தை மறுபடியும் பார்க்கிறார்களாம். கைவிட்டார்களா என்று கேட்டால் இல்லை, நடக்குமா என்று கேட்டால் தெரியாது. காற்று அளக்கிற கம்பம் ஒன்று மட்டும் வாவிக்கரையில் நிற்கிறது. கச்சான் இந்த வருசமும் அடித்தது. கூரைத் தகரம் படபடத்தது. ஒரு பல்பும் எரியவில்லை. நான் அந்தக் கம்பத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குள்ளே இன்னும் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளை கொஞ்சம் துள்ளுவாள், உடனே அவளை அறைய வேண்டும் போலிருக்கும்.

கச்சான் முடியும் நேரத்தில் ஒரு பின்னேரம் மச்சான் அக்கா வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சேட்டு கொஞ்சம் பழசாகியிருந்தது. கையில் அதே வட்டா. நான் உள்ளே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தான் வெளியே போயிருந்தார். அக்கா அவனை முன் விறாந்தையில் இருக்கச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்தாள். அவன் வட்டாவை நடுவில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பை விசாரித்தான், அத்தானின் முதுகை விசாரித்தான். பிறகு காரியத்துக்கு வந்தான். திட்டம் மறுபடியும் தொடங்கும் போலிருக்கிறதாம். சாமான்கள் இறக்கி வைக்கத் தெருவோரமாக ஒரு வெளி வேண்டுமாம். மச்சாளின் காணி எப்படியும் இப்போது பயிர் செய்ய ஏலாத காணிதானே, கொம்பனிக்காரர் குத்தகைக்கு எடுக்க விருப்பமாம், அவன்தான் மச்சாளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று பேரைக் கொடுத்தானாம்.

நான் கணக்குக் கொப்பியை மூடிவிட்டு வெளியே வந்தேன். அக்கா வட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கப்படி என்றால் இப்போது மழையைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

"இல்ல" என்றாள்.

மச்சான் கோப்பையைக் கீழே வைத்தான். "மச்சாள், யோசிச்சு—"

"இல்ல எண்டு சொல்லுறன். தரமாட்டன். எனக்கு விருப்பமில்ல."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு சொல்லை வந்த ஆளின் முகத்துக்கு நேரே நான் கேட்டதில்லை. உள்ளே பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்தார்கள். மச்சானின் முகம் கறுத்தது. சொந்தக்காரனை இப்படியா கதைக்கிறது, வட்டாவைத் தொடாமல் விட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்காதா என்றான்.

"விளங்குமா?" அக்கா கேட்டாள். குரல் உயரவில்லை. "அப்ப சரி. நான் இப்ப என்ன சொன்னனான் எண்டு திருப்பிச் சொல்லு, மச்சான்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

"சொல்லுகா" என்றாள் அக்கா.

"இல்ல எண்டு சொன்னீங்க."

"ஓம். அங்க கேட்டாலும் அதைச் சொல்லு. ஒண்டும் சொல்லேல்ல எண்டு சொல்லாத."

அவன் எழும்பிப் போனான். போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் கவனித்தோம், வட்டா அப்படியே நடுவில் இருந்தது. மறந்தானா, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டு வந்தவர் வட்டாவைத் தூக்கிக்கொண்டு போனால்தான் காரியம் முடிந்ததாகக் கணக்கு. அதனால் அக்கா அதை எடுத்து உள்ளே வைக்கவும் மாட்டாள், கழுவவும் மாட்டாள். ஆள் அனுப்பினாள், அவன் வந்து எடுக்கவில்லை. வெற்றிலை சுருண்டு, கறுத்து, பிறகு கச்சான் அதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

பித்தளை பச்சை பிடித்துக்கொண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற ஆட்கள் அதைச் சுற்றித்தான் கதிரை போடுகிறார்கள். வயலில் தண்ணீர் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. புரட்டாதி பிறந்துவிட்டது. விதைப்பதா விடுவதா என்று அக்கா இன்னும் சொல்லவில்லை.